இணைய வகுப்பில் கேமராவைக் கட்டாயமாக்கலாமா?

கணக்கு வாத்தியார்:
ஒரு கலைக் கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். அரியர் வைத்திருக்கும் பிள்ளைகளுக்காக வாரம் மூன்று நாள் இரவு 7 மணிக்கு கூகுள் மீட்டில் வகுப்பு எடுக்கிறேன். 38 பேர் வருவார்கள், 38 பேரும் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நேற்று தொகையிடல் நடத்தும்போது இரண்டு தடவை "புரியுதா?" என்று கேட்டேன். சத்தமே இல்லை. வகுப்பு முடிந்தது, கிளம்பலாம் என்று சொல்லிக் கால் மணி நேரம் கழித்தும் 11 பேர் உள்ளேயே இருந்தார்கள். போனை வைத்துவிட்டு எங்கோ போயிருக்கிறார்கள். அடுத்த வாரம் முதல் கேமரா போட்டால்தான் வருகைப்பதிவு என்று சொல்லப்போகிறேன். முகம் தெரியாமல் பாடம் நடத்துவது சுவரோடு பேசுவது மாதிரி இருக்கிறது.

சாக்பீஸ்:
சார், வேண்டாம். இதே விதியை நான் போட்டு, ஒரு பிள்ளையை இழக்கப் பார்த்தேன். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடிய பிறகு ஒன்பதாம் வகுப்புக்குப் போனில் பாடம் எடுத்தேன். கேமரா கட்டாயம் என்று சொன்ன மறுநாள் ஒரு பெண் போட்டாள். ஒற்றை அறை வீடு. பின்னால் அடுப்பு, நைட் ஷிப்ட் முடித்துச் சட்டையில்லாமல் தூங்கும் அப்பா, அவரை மறைக்கக் கட்டிய புடவை பாதி அவிழ்ந்து தொங்கியது. இரண்டு பையன்கள் சிரித்துவிட்டார்கள். அதன் பிறகு மூன்று வாரம் அவள் வரவில்லை. வீட்டுக்கே போய்ப் பேசித்தான் திரும்ப அழைத்து வந்தேன்.

டேட்டா கணக்கையும் பாருங்கள். வீடியோவோடு ஒரு மணி நேரம் என்றால் ஏறத்தாழ 1 ஜிபி போய்விடும். கல்லூரி மாணவர்களுக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை அரசு தினம் 2 ஜிபி இலவசமாகக் கொடுத்தது சும்மாவா?

கணக்கு வாத்தியார்:
மேடம், அந்தப் பெண்ணுக்கு நடந்தது யாருக்கும் நடக்கக் கூடாது. ஆனால் அது 2020. இன்று என் மாணவர்கள் ராத்திரி முழுக்க ரீல்ஸ் பார்க்கிறார்கள், அதற்கு டேட்டா இருக்கிறது. 38 பேரில் எவன் பாதியிலேயே தொலைந்துபோனான் என்று எனக்கு எப்படித் தெரியும்? நேர் வகுப்பில் கடைசி பெஞ்ச் பையன் பேனாவைக் கீழே வைத்தாலே தெரிந்துவிடும், அவன் பக்கத்தில் போய் நிற்பேன். இங்கே அவனை அப்படியே விட்டுவிடச் சொல்கிறீர்களா?

கடைசி பெஞ்ச்:
சார், நான் உங்கள் மாணவன் இல்லை, ஆனால் அரியர் வகுப்பில் உட்கார்ந்தவன். ஜவுளிக்கடையில் வேலை. 7 மணிக்குத்தான் கூட்டம் அதிகம். ஒரு காதில் இயர்போன் போட்டுக்கொண்டு துணி மடித்துக்கொண்டே கேட்பேன். கேமரா போடச் சொல்லியிருந்தால் வகுப்பையே விட்டிருப்பேன்.

எங்களுக்கு எடுத்த மேடம் வேறு ஒன்று செய்வார். பாதி வகுப்பில் ஒரு கணக்கு கொடுப்பார். நோட்டில் போட்டுப் படம் எடுத்து அவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அப்புறம் "மூன்றாவது வரியில் ஏழு பேர் குறியை விட்டுவிட்டீர்கள்" என்பார். யார் என்று சொல்ல மாட்டார். அந்த நேரத்துக்காக முதலாளியிடம் கேட்டு ஸ்டாக் ரூமுக்குப் போய்விடுவேன்.

மதுரை அம்மா:
என் பையனுக்குக் காது சரியாகக் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வான். யார் முகம் தெரிய வேண்டும் என்று கேட்டால், ஆசிரியர் முகம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகிவிடும், அவனுக்கு அன்றைய பாடம் போச்சு. சிலர் ஸ்லைடைப் போட்டதும் தங்கள் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். அவனுடைய சிநேகிதனுக்குப் பார்வை கிடையாது. "இதை இங்கே கொண்டுபோனால் இது வரும்" என்று ஆசிரியர் சொன்னால் அந்தப் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? எழுதுவதை வாய்விட்டுப் படித்தாலே போதும்.

பேச்சுப் பயிற்சி:
நான் வாத்தியார் சார் பக்கம். நேர்முகத் தேர்வுப் பயிற்சியில் கண் பார்த்துப் பேசுவதே பாடம், கேமரா இல்லாமல் அதைச் சொல்லித்தர முடியாது. ஆனால் முதல் நாளே சொல்லிவிடுவேன், பின்னணியை மறைக்கும் வசதியைக் காட்டிக்கொடுப்பேன், நாலு நாலு பேராகப் பிரித்து வைப்பேன். 38 பேர் முன்னால் கூச்சப்படுகிற பிள்ளை நாலு பேர் முன்னால் பேசிவிடும்.

சாக்பீஸ்:
அது உங்கள் பாடத்துக்குச் சரி, கணக்குக்கு அல்ல. இன்னொன்று. கல்வித் தொலைக்காட்சி இருந்தது, போன் இருந்தது. அப்படியும் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்று தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்ப வேண்டியிருந்தது. தொலைந்துபோன பிள்ளையைத் தேடித்தான் போக வேண்டும் சார். விதி போட்டு வரவழைக்க முடியாது.

கணக்கு வாத்தியார்:
கேமரா விதியை இந்த மாதம் நிறுத்திவைக்கிறேன். வருகைப்பதிவு நோட்டுப் படத்துக்கு. மதுரை அம்மா சொன்ன பிறகு என் மேசையை இப்போதுதான் திருப்பிப் போட்டேன், இத்தனை நாளும் டியூப்லைட் முதுகுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரிடமும் மாதம் ஒரு தடவை, தனியாக, முகம் பார்த்துப் பேசுவேன். அதை விட மாட்டேன். தம்பி, ஒரு கணக்குக்கு ஐந்து நிமிடம் போதுமா?

கடைசி பெஞ்ச்:
பத்து நிமிடம் கொடுங்கள் சார். பகுதித் தொகையிடல் என்றால் பதினைந்து.