‘சுழல்’ முடிந்துவிட்டது, இனி ராத்திரிக்கு எதைப் பார்ப்பது?

கோவைமலர்:
அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு 12 நாள். பகலில் அண்ணன், இரவில் நான். ஐசியூ வாசலில் அந்த இரும்பு நாற்காலியில் தூக்கமும் வராது, புத்தகத்தை எடுத்தால் ஒரே வரியை நாலு தடவை படிக்கிறேன். எப்போது உள்ளேயிருந்து கூப்பிடுவார்களோ என்று காது கதவிலேயே இருக்கும். அப்படி ஒரு ராத்திரிதான் ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு ‘சுழல்’ வெப் சீரிஸின் முதல் சீசனைப் போட்டேன். சாம்பலூர் சிமெண்ட் ஆலை பற்றி எரிகிறது, தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் சின்ன மகள் நிலாவைக் காணவில்லை, ஊரெல்லாம் மயானக் கொள்ளைத் திருவிழா, நிமிர்ந்து பார்த்தால் மணி மூன்றரை! அதுவரைக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டை நான் நினைக்கவே இல்லை. 8 எபிசோடும் நாலே ராத்திரியில் தீர்ந்துவிட்டது. அம்மா உள்ளே கிடக்கும்போது இப்படி மூழ்கிப்போகிறேனே என்று உறுத்தலாகவும் இருக்கிறது. அடுத்து என்ன பார்க்கலாம்? தமிழ் என்றால் நல்லது, சப்டைட்டில் படிக்கக் கண்ணில் தெம்பில்லை.

ராத்திரிப்பயணி:
உறுத்தவே வேண்டாம் மலர். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், தடவைக்கு நாலு மணி நேரம், இரண்டு வருஷம் நான் இப்படித்தான் ஓட்டினேன். காமெடி போட்டால் மனசு ஒட்டாது, பாட்டு கேட்டால் அழுகை வரும், துப்பறியும் கதைக்கு மட்டும்தான் அந்தப் பிடி உண்டு. டாக்டரிடம் என்ன ஆகும் என்று கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பார், அதற்கு மேல் நமக்கு வழியில்லை. இதில் ஒருத்தர் நமக்காக அலைந்து தேடுகிறார், கடைசி எபிசோடில் பதில் கிடைத்தே தீரும். அது பெரிய ஆறுதல்.

‘விலங்கு’ பாருங்கள், 7 எபிசோடு, 2022இல் வந்தது. விமல்தான் எஸ்ஐ பரிதி. ஒரு பக்கம் பிள்ளைத்தாய்ச்சி மனைவி, இன்னொரு பக்கம் மேலதிகாரியின் நெருக்கடி, இரண்டுக்கும் நடுவில் ஸ்டேஷன் வேலை என்று அவர் ஓடுவதைப் பார்த்தால் நம் வீட்டு ஆள் மாதிரி இருக்கும். பிணத்தைக் காட்டும் இடங்கள் கொஞ்சம் கடுமை, சாப்பிட்டு முடித்துவிட்டுப் போடுங்கள்.

அப்புறம் ஒன்று, எபிசோடின் முடிவில் நிறுத்தாதீர்கள். அங்கே ஒரு கொக்கி வைத்திருப்பார்கள், விடியும்வரை இழுத்துவிடும். நடுவில், இருபதாவது நிமிஷத்தில் நிறுத்தினால் தூங்கிவிடலாம்.

கடலோரக்காரி:
முதலில் ‘சுழல்’ இரண்டாவது சீசனை முடியுங்கள், 2025 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. இந்த முறை காளிப்பட்டணம், அஷ்டகாளித் திருவிழா. வக்கீல் செல்லப்பா கொல்லப்படுகிறார், எட்டுப் பெண்கள் தனித்தனியாக வந்து நான்தான் கொன்றேன் என்கிறார்கள். முதல் சீசன் அளவுக்கு இறுக்கம் இல்லை, ஆனால் களைத்துப்போன மனசுக்குப் புது ஆட்களைப் பழகுவதே ஒரு வேலை, முதல் சீசனில் வந்த எஸ்ஐ சக்கரையும் நிலாவின் அக்கா நந்தினியும் தெரிந்த முகங்கள். யாராவது ‘பிராட்சர்ச்’ என்று சொன்னால் இப்போது தொடாதீர்கள். அருமையான பிரிட்டிஷ் தொடர், மூன்று சீசன், 24 எபிசோடு, ஆனால் 11 வயதுப் பையனை இழந்த வீட்டின் துக்கத்தை அவ்வளவு கிட்டத்தில் காட்டுவார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அது தாங்காது, அம்மா வீடு திரும்பியபின் பாருங்கள்.

பழையஆன்டெனா:
என் ஓட்டு ‘மர்மதேசம்: விடாது கருப்பு’க்கு. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், தொண்ணூறுகளில் டிவியில் வாரம் ஒருநாள்தான் வரும், அடுத்த வாரம்வரை தெருவே அதைப் பேசும். படம் மங்கலாக இருந்தாலும் அந்தக் குதிரைச் சத்தம் போதும். எதைப் பார்த்தாலும் வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொண்டு போங்கம்மா, ஐசியூ பக்கம் சிக்னல் இருக்காது.

கோவைமலர்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ‘விலங்கு’ ஆரம்பித்தேன், மூன்றாவது எபிசோடின் நடுவில் நிறுத்தினேன், பன்னிரண்டு நாளில் முதல்முறையாக இரண்டு மணி நேரம் தூங்கினேன். நாளை அம்மாவை வார்டுக்கு மாற்றுகிறார்கள், கட்டில் பக்கத்திலேயே உட்காரலாமாம். ‘விடாது கருப்பு’ அவர் அந்தக் காலத்தில் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தது. டவுன்லோட் போட்டிருக்கிறேன், இன்னொரு காது இயர்போன் அவருக்கு.