டிவி கேபிள் என்பது கிக்டவுன் கேபிளா? (700ஆர்4 மாற்றம் குறித்து)

எண்ணெய்க்கை:
நேற்று செவெல்70 எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. தன்னுடைய 1970 செவெல் காரில், 350 எஞ்சினுக்குப் பின்னால் இருந்த டர்போ 350 கியர்பெட்டியைக் கழற்றிவிட்டு ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் நான்காம் கியர்) உள்ள 700ஆர்4 பொருத்தியிருக்கிறாராம். நல்லது, ஓட்டட்டும். ஆனால் கடைசியில், கார்புரேட்டரிலிருந்து கியர்பெட்டிக்குப் போகும் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிளைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "டிவி கேபிள் என்பது கிக்டவுன் கேபிள்தான், கொஞ்சம் தளர்வாக விட்டால் கியர் மென்மையாக மாறுகிறது." இதை நம்பி யாராவது செய்தால் அவருடைய கியர்பெட்டிக்குக் கொள்ளி வைத்தது அந்த ஒரு வரிதான்.

டர்போ 350-இல் எண்ணெய் அழுத்தத்தை எஞ்சினின் சுமைக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பது வேக்குவம் மாடுலேட்டர். அதில் இருக்கும் கேபிள், ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது கீழ்க் கியருக்கு இறக்குவதற்காக, அதாவது கிக்டவுனுக்காக மட்டும். அறுந்தாலும் வண்டி வீடு வந்து சேரும். 700ஆர்4-இல் மாடுலேட்டரே கிடையாது. எஞ்சின் எவ்வளவு உழைக்கிறது என்று கியர்பெட்டியிடம் சொல்வதற்கு இருக்கும் ஒரே வாய் அந்தக் கேபிள். அது பொய் சொன்னால் அழுத்தம் குறையும், கிளட்ச் தட்டுகள் வழுக்கும், மூன்றாம்-நான்காம் கியர்களுக்கான கிளட்ச் முதலில் கருகும். மென்மையாக மாறுகிறது என்று நீங்கள் மகிழ்வது வழுக்கலைத்தான். அது கிக்டவுன் கேபிள் இல்லை. இல்லவே இல்லை.

செவெல்70:
உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததற்கு வருந்துகிறேன், ஐயா. என் வண்டி எட்டு மாதமாக ஓடுகிறது. கருகவில்லை, புகையவில்லை, வழியில் நிற்கவில்லை. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தால் கீழ்க் கியருக்கு இறங்குகிறது. இறக்குவது அந்தக் கேபிள். கிக்டவுன் செய்கிற கேபிளைக் கிக்டவுன் கேபிள் என்று சொல்லக்கூடாது என்றால், எழுதுகிற கோலை எழுதுகோல் என்றும் சொல்லக்கூடாது போலிருக்கிறது.

எண்ணெய்க்கை:
எழுதுகோலால் முதுகும் சொறியலாம். அதற்காக யாரும் அதை முதுகுசொறி என்று அழைப்பதில்லை, தம்பி. அந்தக் கேபிள் மூன்று வேலை செய்கிறது: அழுத்தம், கியர் மாறும் நேரம், கீழிறக்கம். நீங்கள் மூன்றாவதை மட்டும் பார்த்துவிட்டுப் பெயர் வைத்திருக்கிறீர்கள். எந்தக் கார்புரேட்டர் போட்டிருக்கிறீர்கள்?

புதுமுகம்:
வணக்கம். நானும் டர்போ 350-இலிருந்து 700ஆர்4-க்கு மாறலாம் என்று இருக்கிறேன். டிரைவ் ஷாஃப்ட்டை எவ்வளவு குறைக்க வேண்டியிருக்கும் என்று யாராவது சொல்ல முடியுமா?

செவெல்70:
நான் உங்கள் தம்பி இல்லை. ஐயா என்று மரியாதையாகத்தான் எழுதினேன். இங்கே சிலருக்கு வாதம் தீர்ந்ததும் உறவுமுறை தொடங்கிவிடுகிறது.

மூன்றேபோதும்:
கேபிளுக்கு என்ன பெயர் வைத்தால் என்ன? முதலில் இந்த மாற்றமே எதற்கு என்று எனக்கு யாராவது விளக்குங்கள். 26 அங்குல டயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.73 விகிதமுள்ள பின் அச்சுடன் 700ஆர்4 பொருத்தினால் நான்காம் கியரின் விகிதம் 0.70. மணிக்கு 110 கிலோமீட்டரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,300 முறை சுற்றும். அதே வண்டியில் பழைய டர்போ 350-ஐ அப்படியே விட்டு, பின் அச்சில் 2.73 பல்சக்கரத்தை மட்டும் மாற்றினால் 2,410. இந்த நூறு சுற்றுக்காகவா தொழிற்சாலையில் பிறந்த கியர்பெட்டியைப் பிடுங்கி, குறுக்குச்சட்டத்தை நகர்த்தி, டிரைவ் ஷாஃப்ட்டை அறுத்து, ஸ்பீடோமீட்டர் பல்சக்கரம் வரை கைவைக்கிறீர்கள்? எஞ்சின் எண்ணும் கியர்பெட்டி எண்ணும் சேசிஸ் எண்ணோடு பொருந்துகிற வண்டிகள் இனி புதிதாகப் பிறக்கப் போவதில்லை.

செவெல்70:
கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். டர்போ 350-இன் முதல் கியர் 2.52. உங்கள் 2.73 அச்சோடு பெருக்கினால் 6.88. என் வண்டியில் 3.06-ஐ 3.73-ஆல் பெருக்கினால் 11.41. சிக்னலில் பச்சை விழுந்ததும் நான் புறப்பட்டுப் போய்விடுவேன். நீங்கள் அடுத்த சிவப்பு விழுவதற்குள் தெருவைக் கடந்தால் சொல்லுங்கள்.

எண்ணெய்க்கை:
இந்த ஒன்றில் செவெல்70 சொல்வது சரி. ஓவர்டிரைவின் பயனே இரண்டு முனையிலும் கிடைப்பதுதான். 700ஆர்4-உடன் 3.08 அச்சு வைத்தாலே முதல் கியரில் 9.42 கிடைக்கிறது. டர்போ 350-உம் 3.73-உம் சேர்ந்து தருவது 9.40. அதாவது புறப்பாடு அப்படியே இருக்க, 110-இல் சுற்று 3,290-இலிருந்து 1,900-க்கு இறங்கிவிடும். மூன்றேபோதும் அவர்கள் 2.73 அச்சைப் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் தவமிருக்கட்டும்.

ஆனால் இதெல்லாம் கியர்பெட்டி உயிரோடு இருந்தால்தான். டிவி கேபிள் கிக்டவுன் கேபிள் இல்லை. கார்புரேட்டர் எது என்று கேட்டிருந்தேன்.

மூன்றேபோதும்:
தவமா? என் வண்டி பிறந்தபோது இருந்த கியர்பெட்டியோடு இன்றும் ஓடுகிறது. உங்கள் இருவருடைய வண்டிகளும் எத்தனை முறை கியர்பெட்டி மாற்றின என்று எண்ணிச் சொல்லுங்கள், பிறகு பேசலாம். முதல் கியரின் 3.06-இலிருந்து இரண்டாவதின் 1.63-க்கு விழும்போது எஞ்சின் கிணற்றில் விழுகிற மாதிரி இருக்குமே, அதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

மின்மூளை:
1993-இல் 700ஆர்4-இன் மின்னணு வடிவமான 4எல்60ஈ வந்துவிட்டது. கேபிளே இல்லை. அழுத்தத்தையும் கியர் மாற்றத்தையும் கணினி பார்த்துக்கொள்கிறது. இல்லாத கேபிளை யாரும் தவறாக அமைக்க முடியாது. தீர்ந்தது.

எண்ணெய்க்கை:
எதுவும் தீரவில்லை. கார்புரேட்டர் எஞ்சினில் அதைப் பொருத்த வேண்டுமானால் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும், த்ராட்டிலின் நிலையைச் சொல்ல ஒரு சென்சார் வேண்டும், கம்பிகள் வேண்டும். ஒரே ஒரு கேபிளை ஒழுங்காக மாட்டத் தெரியாதவர் நாற்பது கம்பியை மாட்டுவாரா?

மின்மூளை:
நாற்பது இல்லை.

எண்ணெய்க்கை:
ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

மின்மூளை:
பேச்சுக்குச் சொல்கிறவர்தான் "கிக்டவுன்" என்ற ஒரு சொல்லுக்காக மற்றவரை மூன்று நாளாகத் தொங்கவிட்டிருக்கிறார்.

குறுக்குச்சட்டம்:
எனக்கு ஒரு அனுபவம். போன வருடம் என் 700ஆர்4-இன் கேபிள் கார்புரேட்டர் பக்கத்தில் முழுவதுமாகக் கழன்றுவிட்டது. நாற்பது கிலோமீட்டர் அப்படியே ஓட்டி வந்தேன். எதுவும் வழுக்கவில்லை. மாறாக, ஒவ்வொரு கியரும் முதுகில் குத்துவது போல முரட்டுத்தனமாக விழுந்தது. அழுத்தம் குறையும் என்கிறாரே எண்ணெய்க்கை, அப்படியானால் இது எப்படி?

செவெல்70:
ஆகா. கேபிள் முழுவதும் கழன்றும் கருகவில்லை. தூங்காதவர்கள் கவனிக்கவும்.

எண்ணெய்க்கை:
கவனித்துவிட்டேன். நான் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கேபிள் அறுந்தால் கியர்பெட்டி சாகக்கூடாது என்று வடிவமைத்தவர்கள் உள்ளே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். வால்வு பாடியில் (எண்ணெய் வழிகளைத் திறந்து மூடும் பகுதி) கேபிள் இழுக்கும் நெம்புகோலோடு ஒரு சிறு தண்டு இருக்கிறது. கேபிள் இழுத்துப் பிடித்திருக்கும்வரை அது ஒரு வழியைத் திறந்து வைக்கும். கேபிள் கழன்றால் தண்டு இறங்கும், வழி அடைபடும், அழுத்தம் உச்சத்துக்குப் போகும். அதனால்தான் முதுகில் குத்தியது. செவெல்70 செய்திருப்பது இதைவிட மோசம். தளர்ந்த கேபிள் கொஞ்சம் இழுத்ததுமே அந்த வழி திறந்துகொள்ளும், ஆனால் மிதிக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது. பாதுகாப்பும் போயிற்று, அழுத்தமும் இல்லை. வெறும் கிக்டவுன் கேபிளுக்காக யாராவது இவ்வளவு ஏற்பாடு செய்வார்களா?

செவெல்70:
அப்படியானால் கேபிளைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவதுதான் நல்லது என்கிறீர்கள். சரியாகத்தான் புரிந்துகொண்டேனா?

எண்ணெய்க்கை:
இல்லை! நான் சொன்னது அதுவா? ஒருவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

குறுக்குச்சட்டம்:
நான் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. நன்றி. ஆனாலும் பேச்சுவழக்கில் கிக்டவுன் கேபிள் என்று சொல்வதில் பெரிய குற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எண்ணெய்க்கை:
குற்றம் இருக்கிறது. பெயர் தவறினால் கை தவறும். கிக்டவுன் என்று நினைப்பவர், "நான் எங்கே முழுவதும் மிதிக்கப் போகிறேன்" என்று அலட்சியமாக மாட்டுவார். த்ராட்டில் முழுவதும் திறந்திருக்கும்போது கேபிளும் முழுவதும் இழுபட்டிருக்க வேண்டும். முனையில் உள்ள பொத்தானை அழுத்தி, சறுக்கியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, த்ராட்டிலை மெதுவாக முழுவதும் திறந்தால் அது தானே தன் இடத்தில் வந்து நிற்கும். பிறகு அழுத்தமானி மாட்டிப் பார்க்க வேண்டும். இதில் "கொஞ்சம் தளர்வாக" என்பதற்கு இடமே இல்லை.

இன்னொன்று. தொழிற்சாலையில் இந்தக் கேபிள் குவாட்ராஜெட் கார்புரேட்டரின் கைக்கு ஏற்ப அளந்து செய்யப்பட்டது. வேறு கார்புரேட்டரில் அந்தக் கை சுழலும் வளைவு வேறு, இழுக்கும் தூரம் வேறு. அதற்கென்று தனித் திருத்தத் தகடு விற்கிறார்கள். நான்காவது முறையாகக் கேட்கிறேன்: எந்தக் கார்புரேட்டர்?

புதுமுகம்:
மன்னிக்கவும், டிரைவ் ஷாஃப்ட் நீளம்...

செவெல்70:
மூன்றாவது முறைதான், எண்ணிப் பாருங்கள். நான்கு குழல் கொண்ட வெளிச்சந்தைக் கார்புரேட்டர். தகடு எதுவும் போடவில்லை. போதுமா? எட்டு மாதம் ஓடியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். போன வருடம் பின் அச்சு எண்ணெய் கசிவதற்கு, சீலை மாற்று, வேறெதுவும் இல்லை என்று இதே எண்ணெய்க்கைதான் எனக்கு அடித்துச் சொன்னார். மூன்று சீல் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் அச்சின் மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. அன்று அவருக்குத் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

எண்ணெய்க்கை:
தகடு போடவில்லை! எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். சீல் விஷயத்தில் நீங்கள் அன்று அனுப்பிய புகைப்படத்தில் மூச்சுக்குழாயே தெரியவில்லை. நான் என்ன சோதிடமா பார்க்கிறேன்? பேச்சை மாற்ற வேண்டாம். எட்டு மாதத்தில் எத்தனை கிலோமீட்டர்?

செவெல்70:
போதிய அளவு.

எண்ணெய்க்கை:
எத்தனை?

செவெல்70:
ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பேன். சுமார் ஆயிரத்து இருநூறு.

எண்ணெய்க்கை:
ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். அதைத்தான் எட்டு மாதம் என்று எழுதிக்கொண்டிருந்தார். எண்ணெய்த் தட்டைக் கழற்றி அடியில் என்ன படிந்திருக்கிறது என்று பாருங்கள். கறுப்பாகப் பசைபோல இருந்தால் அது உங்கள் கிளட்ச். டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினையும் கியர்பெட்டியையும் எண்ணெயால் இணைப்பது) பூட்டிக்கொள்ள மின்னிணைப்பு கொடுத்தீர்களா, எண்ணெய்க் கூலர் இருக்கிறதா என்றெல்லாம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மூன்றேபோதும்:
கவனித்தீர்களா? என் டர்போ 350-இல் இந்தத் தண்டு, தகடு, பூட்டு எதுவுமே இல்லை.

மின்மூளை:
நான்காம் கியரும் இல்லை.

குறுக்குச்சட்டம்:
புதுமுகம், உங்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை போலிருக்கிறது. 700ஆர்4 சுமார் 3 அங்குலம் நீளம் கூடுதல், ஆகவே ஷாஃப்ட் அந்த அளவு குறையும். குறுக்குச்சட்டமும் பின்னுக்குப் போகும். ஷாஃப்ட்டைத் தொடக்கூடாது என்றால் 200-4ஆர் கியர்பெட்டியைப் பாருங்கள். நீளம் ஏறக்குறைய டர்போ 350-இன் அளவேதான். முதல் கியர் 2.74, நான்காவது 0.67. மூன்றேபோதும் சொன்ன கிணறும் அதில் அவ்வளவு ஆழம் இல்லை.

செவெல்70:
அதிலும் கிக்டவுன் கேபிள் உண்டு.

எண்ணெய்க்கை:
டிவி கேபிள்.

புதுமுகம்:
மிக்க நன்றி, குறுக்குச்சட்டம். அந்த 3 அங்குலம் என்பது குட்டை வால் (கியர்பெட்டியின் பின்பக்க நீட்டு உறை) உள்ள டர்போ 350-ஐ ஒப்பிட்டா, நெட்டை வால் உள்ளதை ஒப்பிட்டா? எண்ணெய்க்கை ஐயாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எண்ணெய்க்கை:
தெரியும். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், தம்பி. கார்புரேட்டரிலிருந்து கியர்பெட்டிக்குப் போகிறதே, அந்தக் கேபிளின் பெயர் என்ன?