கம்பெனிப் பணம் எடுத்தவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் (குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) போகப் பயப்படுகிறார், என்ன சொல்வது?

அன்பியம்_திருப்பூர்:
தோத்திரமுங்க. எங்க அன்பியத்துல (பக்கத்து கத்தோலிக்க வீடுக சேர்ந்து ஜெபிக்கற குழு) ஒருத்தர், பனியன் கம்பெனியில கணக்கு எழுதறவர். சனிக்கிழமைச் சம்பளத்துல, வராத ஆளுக்கும் ஷிப்ட் எழுதி ரெண்டு வருசத்துல எடுத்தது 60,000 ரூபாய் இருக்குமுங்க. கணக்கு இடிச்சப்போ பழி டைம் ஆபீஸ் பையன் மேல விழுந்து, அவனை நிறுத்திட்டாங்க. இவர் வாயைத் திறக்கலை. இப்பப் பூசைக்கு வந்தாலும் நன்மை (பூசையில தர்ற அப்பம்) வாங்கறதில்லை. "எனக்கெல்லாம் மன்னிப்பே கிடையாது"ங்கறார். சாமி (குருவானவர்) வெளியில சொல்லிருவாரோன்னு வேற பயம். மொத்தப் பணத்தையும் கட்டினாத்தான் மன்னிப்பா? சம்பளம் 18,000தான். வீட்டுக்காரம்மா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). அவங்க பக்கம் இதுக்கு வழி என்னங்க?

ஞானோபதேசம்:
வெளியில் சொல்வார் என்ற பயம் வேண்டாமுங்க. திருச்சபைச் சட்டம் 983-இன்படி பாவசங்கீர்த்தன இரகசியத்தை எதற்காகவும் உடைக்க முடியாது. நேரடியாக வெளியிடும் குரு அந்தச் செயலாலேயே சபை விலக்கத்துக்கு ஆளாகிறார். "போலீசில் சரணடைந்தால்தான் மன்னிப்பு" என்று நிபந்தனை போடவும் கூடாது. 2019 ஜூலையில் வத்திக்கான் இதைத் தனிக் குறிப்பாகவே வெளியிட்டது.

சொந்தப் பங்குக் கோயிலில் சங்கடமென்றால் கருமத்தம்பட்டி பசிலிக்காவுக்கோ, கோவை பெரிய கடைவீதி மிக்கேல் அதிதூதர் பேராலயத்துக்கோ போகலாம். முகம் காட்டத் தேவையில்லை, தட்டிக்குப் பின்னால் முழங்காலிட்டுச் சொல்வது அவர் உரிமை. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனை ஒட்டிப் போனால் வரிசை நீளும், சாமிக்கும் நிதானமாகக் கேட்க நேரம் இருக்காது. சாதாரண வார நாள் நல்லது.

அதிகம் சொதப்புவது சொல்லும் விதத்தில்தான். "பண விசயத்துல கொஞ்சம் தப்பு பண்ணிட்டேன் சாமி" என்று மேலோட்டமாகச் சொல்வார்கள், இல்லையென்றால் முதலாளி போனஸ் தராத கதையில் பாதி நேரம் போகும். சாவான பாவத்தில் (தெரிந்தே செய்த கனமான பாவம்) வகையும் எண்ணிக்கையும் சொல்ல வேண்டும் (சட்டம் 988). இவருக்கு இவ்வளவு போதும்: "சாமி, என்னை ஆசீர்வதியுங்கள், நான் பாவி. பாவசங்கீர்த்தனம் பண்ணி இத்தனை வருசமாச்சு. வேலை செய்யற இடத்துல ரெண்டு வருசம் பொய் ஷிப்ட் எழுதி அறுபதாயிரம் எடுத்தேன். அதுக்கு வேற ஒருத்தர் வேலை போச்சு. தெரிஞ்சும் சும்மா இருந்தேன்." கடைசி இரண்டு வாக்கியம்தான் தொண்டையில் நிற்கும். வேண்டுமென்றே அதை விழுங்கினால் பாவசங்கீர்த்தனமே செல்லாது. உண்மையிலேயே மறந்துபோனது வேறு. அதுவும் மன்னிக்கப்பட்டதுதான், அடுத்த தடவை சொன்னால் போதும்.

பணம் கட்டி முடிக்கும்வரை மன்னிப்பு காத்திருக்காது. திருப்பித் தரும் உறுதி உண்மையாக இருந்தால் அன்றைக்கே பாவமன்னிப்பு உண்டு, அடுத்த பூசையில் நன்மை வாங்கலாம். ஆனால் சாமி கொடுக்கும் அபராதம் (பரிகாரமாகச் செய்யச் சொல்லும் ஜெபம்), அது 51-ஆம் சங்கீதமோ ஜெபமாலையோ, கடனுக்கு ஈடாகாது. இரண்டும் வேறு வேறு.

பெருந்துறை_சபை:
சி.எஸ்.ஐ. பக்கம் கேட்டீங்களே. எங்களிடம் குருவின் காதில் தனியாகச் சொல்வது கட்டாயமில்லை. 1 யோவான் 1:9-ஐப் பிடித்துக்கொண்டு நேரே தேவனிடம் அறிக்கையிடலாம், திருவிருந்து ஆராதனையிலும் பொதுப் பாவ அறிக்கை உண்டு. ஆனால் நாற்பது பேரோடு சேர்ந்து வாசிப்பதற்குள் ஒளிந்துகொள்வது சுலபம். இப்படிப்பட்ட காரியத்துக்கு ஆயரை (எங்கள் சபைப் போதகர்) தனியாகப் பார்ப்பதே மேல். கத்தோலிக்கரின் இரகசியச் சட்டம் அப்படியே எங்களுக்கு இல்லாததால், "ஐயா, இது நமக்குள்ள இருக்கணும்" என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்க.

தொகைக்கு வேதத்தில் கணக்கே இருக்கிறது. லேவியராகமம் 6:5 எடுத்த முதலும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் என்கிறது; 60,000-க்கு 72,000. சுவிசேஷத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு நாலத்தனை தருவதாகச் சொன்னான். இன்றைக்கு இது கட்டளையல்ல, ஆனால் எடுத்த தொகையாவது குறையக் கூடாது. மாதம் 3,000 என்றால் எடுத்த தொகை 20 மாதத்தில் தீரும், ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்தால் 24.

"மன்னிப்பே கிடையாது" என்கிறாரே, அவருக்கு மத்தேயு 27-ஐக் காட்டுங்க. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்பட்டான், பாவம் செய்தேன் என்றான், 30 வெள்ளிக்காசையும் திருப்பினான். போய்ச் சொன்னது பிரதான ஆசாரியரிடம். "அது உன்பாடு" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது கரிநெருப்பருகே. யோவான் 21-இல் இயேசு மீன் சுட்டு வைத்துக் காத்திருந்ததும் கரிநெருப்பில்தான். மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி. பேதுரு அங்கே போனான், யூதாஸ் போகவில்லை.

அன்பியம்_திருப்பூர்:
ரொம்ப நன்றிங்க. பணத்தைக் கோயில் உண்டியல்ல போட்டுடலாமான்னு கேக்கறார். இல்லைன்னா கம்பெனி அக்கவுண்டுக்கே அனுப்பிடலாமாங்கறார்.

ஞானோபதேசம்:
உண்டியல் கூடாதுங்க. உரியவர் உயிரோடு இருக்கும்போது அவர் பணத்தில் காணிக்கை போடுவது என்ன நியாயம்? உரியவரும் வாரிசும் கிடைக்கவே மாட்டார்கள் என்றால்தான் ஏழைகளுக்கு. வங்கி வழியாக அனுப்பினால் அனுப்பியவர் பெயர் தெரிந்துவிடும், எதற்கு வந்த பணம் என்று ஆடிட்டரும் கேட்பார். பாவசங்கீர்த்தனத்தின்போதே சாமிக்கு அனுமதி கொடுத்து, மூடிய கவரில் அவர் கையால் முதலாளியிடம் சேர்க்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

கொடுமுடி_வக்கீல்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். குமாஸ்தா நம்பிக்கை மோசடிக்கு 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததென்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் (இ.பி.கோ.) 408, அதற்குப் பின் என்றால் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 316(4). இரண்டிலும் 7 வருடம் வரை. பொய்க்கணக்கு தனிக் குற்றம். பணத்தைத் திருப்பியதால் மட்டும் குற்றம் இல்லாமல் போகாது. அதனால் கையெழுத்துப் போட்டு எதையும் எழுதித் தருவதற்கு முன் ஒரு வக்கீலைப் பார்க்கட்டும்.

அதைவிட முக்கியமான ஒன்றை யாரும் சொல்லவில்லை. பெயரில்லாமல் கவர் போனால் முதலாளி என்ன நினைப்பார்? "பார்த்தியா, அந்த டைம் ஆபீஸ் பையன்தான் மனசு கேக்காம அனுப்பிட்டான்" என்பார். போன பெயர் நிரந்தரமாகவே போய்விடும். கவருக்குள் ஒரு வரி இருந்தே ஆக வேண்டும்: "நிறுத்தப்பட்டவருக்கும் இந்தப் பணத்துக்கும் சம்பந்தமில்லை, அவர் எதையும் எடுக்கவில்லை."

ஞானோபதேசம்:
வக்கீல் ஐயா சொல்வது சரி. பிறர் பெயரைக் கெடுத்தால் அதையும் சீர்படுத்தக் கடமை உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு எண் 2487 இதைச் சொல்கிறது. முதலாளி அந்த வரியை நம்பவில்லை என்றால் பெயர் மறைத்தது போதாது, நேரில் போய்ச் சொல்லும் கட்டம் வரும். அதைச் சாமியோடும் வக்கீலோடும் பேசிக்கொள்ளட்டும். பையன் எத்தனை வாரம் வேலையில்லாமல் இருந்தான் என்றும் விசாரிங்க. அந்தக் கூலியும் இவர் தரவேண்டிய கடன்தான். முதலாளிக்கு 20 மாதம் பொறுக்கும். முதல் 3,000 அந்த வீட்டுக்குப் போகட்டும்.