மூன்றாம் ஆண்டில் பி.இ.யை நிறுத்திவிட்டு ட்ரிப் பிசினஸில் முழுநேரமாக இறங்கலாமா?

கேள்வி: சிறுவாணி_03

எல்லோருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் உள்ள தனியார் கல்லூரியில் பி.இ. மெக்கானிக்கல் படிக்கிறேன். 2023ல் சேர்ந்தேன். ஐந்தாம் செமஸ்டர் எழுதியாகிவிட்டது, 2 அரியர் நிற்கிறது. கல்விக்கடன் 4 லட்சம், அப்பாதான் இணைக் கடன்தாரர். சனி, ஞாயிறுகளில் 12 பேர் வேனில் கேரள மலைப்பகுதியான வாகமண்ணுக்கு ட்ரிப் நடத்துகிறேன், மாதத்துக்கு இரண்டு. ஆள் நிறைந்தால் ஒரு ட்ரிப்புக்கு நாலு, ஐந்தாயிரம் நிற்கும்.

ஆறாம் செமஸ்டருக்குப் போகாமல் நிறுத்திவிட்டு, ஆறு மாதம் வடகிழக்கு மாநிலங்களைச் சுற்றிப் பார்த்து, திரும்பி வந்து இதையே முழுநேரத் தொழிலாக்கலாம் என்று யோசனை. வீட்டில் டிகிரியை முடி என்கிறார்கள். அறிவுரையாக இல்லாமல் கணக்காகவும் விதியாகவும் யாராவது சொன்னால் நல்லது. கல்லூரியை நிறுத்தினால் என்னென்ன கையை விட்டுப் போகும்?

பதில்: தேர்வுப்பிரிவு

தம்பி, "நிறுத்துவது" என்பதில் மூன்று வகை இருக்கிறது. மூன்றுக்கும் விளைவு வேறு வேறு. பெரும்பாலான மாணவர்கள் தெரியாமல் மூன்றிலும் மோசமானதில் போய் விழுகிறார்கள்.

முதல் வகை, டிசி வாங்கிக்கொண்டு வெளியேறுவது. இதோடு அந்தப் படிப்பு முடிந்தது, அரியரும் எழுத முடியாது. சில தனியார் கல்லூரிகள் மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டச் சொல்லும். அதற்காக பத்து, பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018லேயே அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. எழுத்துமூலம் கேளுங்கள்.

இரண்டாவது, சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்துவது. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வெழுத விடமாட்டார்கள். 65 வரை மருத்துவக் காரணம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, அதற்கும் கீழே போனால் டீட்டெய்ன், அதாவது அந்தச் செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். டீட்டெய்ன் ஆன காலத்தை அனுமதி பெற்ற இடைவெளியாகக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். நஷ்டம் முழுக்க உங்களுக்கு.

மூன்றாவதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது: பிரேக் ஆஃப் ஸ்டடி. தகுந்த காரணம் காட்டினால் படிப்புக் காலத்தில் ஒரு முறை, ஒரு வருடம் வரை கிடைக்கும். அந்தச் செமஸ்டரின் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதிக்கு முன்னால், முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். ஏன் நிறுத்துகிறீர்கள், எப்போது திரும்பச் சேருவீர்கள் என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். "ஊர் சுற்றப் போகிறேன்" என்று எழுதினால் நடக்காது. தொழில் தொடங்க என்று எழுதினால் பிடிமானம் இருக்கிறது. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2019ஆம் ஆண்டு ஸ்டார்ட்அப் கொள்கை, மாணவர்கள் ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ இடைவெளி எடுத்துத் தொழில் செய்துவிட்டுத் திரும்பச் சேர அனுமதிக்கலாம் என்கிறது. தொழில் செய்யும் மாணவர் வருகைப்பதிவு குறைந்தாலும் கல்லூரியின் முன் அனுமதியோடு தேர்வெழுதலாம் என்றும் அதில் இருக்கிறது. இது வழிகாட்டுதல்தான், கல்லூரியைக் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள், உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) சான்றின் நகலையும் இணையுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. திரும்பச் சேரும்போது எந்த ரெகுலேஷன் (பல்கலைக்கழகத்தின் பாடத்திட்ட விதித்தொகுப்பு) நடப்பில் இருக்கிறதோ அதுதான் உங்களுக்கும். நீங்கள் 2021 ரெகுலேஷன். ஒரு வருடம் கழித்து வந்தால் 2024ல் சேர்ந்தவர்களோடு உட்காருவீர்கள், அவர்களும் அதே ரெகுலேஷன், சிக்கல் இல்லை. இரண்டு வருடம் தள்ளினால் 2025ல் சேர்ந்தவர்கள், அவர்களுக்கு 2025 ரெகுலேஷன். நீங்கள் படிக்காத பாடங்களைக் கூடுதலாகத் தலையில் கட்டுவார்கள். பிரேக் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மொத்தம் 14 செமஸ்டருக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும், அதாவது உங்களுக்கு 2030.

ஆனால் உங்கள் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். எட்டாம் செமஸ்டர் முழுக்க புராஜெக்ட் அல்லது இன்டர்ன்ஷிப்தான், 10 கிரெடிட். வகுப்பில் உட்கார வேண்டியது ஆறும் ஏழும் மட்டுமே. மூன்று வருடப் படிப்பு மீதி இருப்பவரின் கேள்வி வேறு, உங்கள் கேள்வி வேறு.

பதில்: வரவுசெலவு

கடனைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். என் பார்வையில் இந்த முடிவில் கனமான பகுதியே அதுதான்.

கல்விக்கடனில் படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். இந்தச் சலுகை படிப்பு நடக்கும் என்ற நம்பிக்கையில் கொடுத்தது. நடுவில் நின்றுவிட்டால் வங்கி தவணையை முன்கூட்டியே தொடங்கச் சொல்லலாம். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து மத்திய அரசின் வட்டி மானியத்தில் இருந்தால், நடுவில் படிப்பை விட்டவர்களுக்கு அது கிடையாது. மருத்துவக் காரணத்துக்கு மட்டும் விலக்கு. இதுவரை அரசு கட்டும் என்று நினைத்திருந்த வட்டியும் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

4 லட்சத்துக்கு 10.5 சதவீத வட்டி, 7 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 6,750. 10 வருடமாக நீட்டினால் 5,400. 90 நாள் கட்டாமல் விட்டால் வாராக்கடன். அப்போது அடிவாங்குவது உங்கள் சிபில் (கடன் மதிப்பெண்) மட்டுமல்ல, இணைக் கடன்தாரரான அப்பாவின் சிபிலும்தான். நாளைக்கு வேன் வாங்க வங்கிக்குப் போனால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

டிகிரி இல்லாவிட்டால் தொழில்கடன் கிடைக்காது என்று வீட்டில் யாராவது சொன்னால் அது தவறு. மத்திய அரசின் சுயதொழில் கடன் திட்டமான பிஎம்இஜிபியில் சேவைத்தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டம் போடலாம். 5 லட்சத்துக்கு மேல் போனால்தான் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். பொதுப்பிரிவுக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதம் மானியம், சொந்தப் பணம் 10 சதவீதம். தமிழக அரசின் வேலையில்லா இளைஞர் கடன் திட்டமான யுஒய்இஜிபிக்கும் எட்டாம் வகுப்பு போதும். ஆக, தொழில்கடனுக்குக் குறுக்கே நிற்கப்போவது பட்டம் இல்லாதது அல்ல, கெட்டுப்போன கல்விக்கடன்தான்.

பிரேக் எடுத்தால் அனுமதிக் கடிதத்தின் நகலோடு வங்கிக்குப் போய், படிப்பு முடியும் தேதியைத் தள்ளி எழுதித் தரக் கேளுங்கள். படிப்பு தாமதமானால் இரண்டு வருடம் வரை நீட்டிக்க இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்திலேயே இடமுண்டு. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். ஏற்பு முத்திரையோடு நகல் கையில் இருக்க வேண்டும்.

பதில்: மலைரோடு

தொழில் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வாகமண் ட்ரிப்பையே எடுத்துக் கணக்குப் போடுவோம். தொகைகள் உங்கள் ஊர் நிலவரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

தலைக்கு 3,500 என்றால் 12 பேருக்கு 42,000 வரவு. வேன் 500 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 28 ரூபாய், 14,000. டிரைவர் பேட்டா 1,200. டோல், கேரள பெர்மிட் 1,500. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் இந்த 16,700 போய்விடும். தங்குமிடமும் சாப்பாடும் தலைக்கு 1,600. நிறைந்த வேனில் மிஞ்சுவது 6,100. 9 பேர் வந்தால் 400. 8 பேர் என்றால் கைக்காசு 1,500 போகும். கடைசி மூன்று சீட்டில்தான் உங்கள் சம்பளமே இருக்கிறது. அதனால் பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் யாருக்கும் சீட் போடாதீர்கள். ஏழு நாளைக்குள் ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது என்பதை வாட்ஸ்அப் குழுவிலேயே முதல் செய்தியாகப் பதிந்துவிடுங்கள். இந்தத் தொழிலில் கைநஷ்டம் வரும் இடம் இதுதான்.

முழுநேரமாக்கி வாரம் ஒன்று, மாதம் நாலு ட்ரிப் என்று ஓட்டினால், எல்லா வேனும் நிறைந்தாலும் மாதம் 24,400. அதில் மேலே சொன்ன தவணையைக் கழித்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கேரளப் பக்கம் மழை. தமிழ்நாட்டு மலையேற்றத்துக்கு வந்தால் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீக் காலம் என்று பாதைகளை மூடிவிடுவார்கள். 12 மாதமும் ஒரே மாதிரி ஓடாது.

இன்னொரு கண்ணி ஜிஎஸ்டி. மாதம் நாலு ட்ரிப், வருடம் 48, மொத்த வசூல் 20,16,000. சேவைக்கான 20 லட்ச வரம்பு உங்கள் லாபத்துக்கு அல்ல, வசூலித்த மொத்தத் தொகைக்கு. கையில் மூன்று லட்சம்கூட நின்றிருக்காது, ஆனால் பதிவு கட்டாயமாகிவிடும். டூர் ஆபரேட்டருக்கு மொத்தத் தொகையில் 5 சதவீதம். அதே 3,500க்குள் வரியையும் அடக்கினால் ஒரு ட்ரிப்பில் 2,000 ரூபாய், உங்கள் மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு. இப்போதே தலைக்கு 200 ஏற்றிப் பழக்குங்கள்.

நண்பர்களின் வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டவே ஓட்டாதீர்கள். விபத்து என்றால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும், பயணிகளின் இழப்பீடு உங்கள் மேல் விழும். மஞ்சள் போர்டு வண்டி, ஆர்சி, பெர்மிட், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எல்லாவற்றின் படமும் கிளம்புமுன் உங்கள் ஃபோனில் இருக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போனால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் உண்டு. சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று உச்சவரம்பும் வைக்கிறார்கள், வண்டி எண் உறுதியான அன்றே எடுத்துவிடுங்கள். காட்டுக்குள் மலையேற்றம் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. 2018ல் குரங்கணித் தீயில் உயிர்கள் போன பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. 2024 அக்டோபரிலிருந்து 'ட்ரெக் தமிழ்நாடு' வழியாக 40 பாதைகள் திறந்தார்கள், வழிகாட்டியோடு முறையாகப் போகலாம்.

இதையெல்லாம் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான். உங்கள் வியாபாரம் சனி, ஞாயிறு வியாபாரம். கல்லூரி திங்கள் முதல் வெள்ளி. கல்லூரியை விட்டால் கிடைக்கும் ஐந்து நாளில் விற்க உங்களிடம் இப்போது சரக்கே இல்லை. வார நாளில் ஓடுவது ஐ.வி.யும் (மாணவர்களைத் தொழிற்சாலை பார்க்கக் கூட்டிப்போகும் பயணம்) கம்பெனி ட்ரிப்பும். ஐ.வி. ஆர்டர் எங்கே இருக்கிறது? நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே கட்டடத்தில். துறைத்தலைவர், கிளாஸ் ரெப் என்று முடிவெடுக்கும் ஆட்களை தினமும் பார்க்கிறீர்கள். ஒரு 45 சீட் பஸ் ஆர்டரில் தலைக்கு 300 நின்றாலே 13,500, உங்கள் இரண்டு வேனுக்குச் சமம். வெளியே போனபின் அதே கதவைத் தட்ட விசிட்டிங் கார்டோடு காத்திருக்க வேண்டும்.

பதில்: கடவுச்சீட்டு

பயணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அருணாசலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் நான்குக்கும் நமக்கு இன்னர் லைன் பெர்மிட் (வெளிமாநிலத்தவருக்கான நுழைவு அனுமதி) வேண்டும், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். இதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. பாஸ்போர்ட்டிலும் பத்தாம் வகுப்பு முடித்திருந்தாலே இசிஎன்ஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவையில்லை என்ற தகுதி) கிடைத்துவிடும்.

வெளிநாட்டில் தங்கி வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்றுவது என்று வந்தால்தான் பட்டம் குறுக்கே வரும். பிரிட்டனின் யங் புரொஃபஷனல்ஸ் திட்டம் இந்தியர்களுக்கு இரண்டு வருடம் வாழவும் வேலை பார்க்கவும் விசா தருகிறது. வயது 18 முதல் 30, சேமிப்பு 2,530 பவுண்டு, குலுக்கலில் பெயர் வர வேண்டும், கூடவே இளநிலைப் பட்டம் கட்டாயம். ஜப்பானின் பொறியாளர் விசாவுக்குப் பட்டம் இல்லையென்றால் பொதுவாக பத்து வருட அனுபவம் கேட்பார்கள். அமெரிக்காவின் எச்1பி வேலை விசாவில் படிக்காமல் விட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் மூன்று வருட அனுபவம் காட்ட வேண்டும்.

சுற்றுலா விசாவுக்கும் ஒரு வார்த்தை. ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) விண்ணப்பத்தில் ஊர் திரும்புவீர்கள் என்பதை நீங்கள்தான் நிறுவ வேண்டும். மாணவராக இருந்தால் போனஃபைட் சான்றும் கல்லூரி தடையின்மைக் கடிதமும் அந்த வேலையைச் செய்துவிடும். படிப்பை விட்டு ஒரு வருடம்கூட ஆகாத, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யாத 20 வயதுக்காரர் கையில் காட்ட எதுவும் இருக்காது. ட்ரிப் வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் இந்த வருடத்திலிருந்தே தாக்கல் செய்யத் தொடங்குங்கள்.

சிறுவாணி_03

எல்லோருக்கும் நன்றி அண்ணா. ஐ.வி. விஷயம் என் மண்டையில் ஏறவே இல்லை. ஒரே ஒரு சந்தேகம். ஆறாம் செமஸ்டருக்குப் போகிறேன் என்றே வைத்துக்கொண்டால், வடகிழக்குப் பயணத்தை எங்கே பொருத்துவது? ஆறு மாதம் சேர்ந்தாற்போல் கிடைக்காதே?

பதில்: தேர்வுப்பிரிவு

ஏழையும் எட்டையும் மாற்றிக்கொள்ளலாம் என்று 2021 பாடத்திட்டத்தில் இருக்கிறது: ஏழில் இன்டர்ன்ஷிப் போனால், ஏழின் பாடங்களை எட்டில் நடத்துவார்கள். இது துறை முடிவு. ஆறாம் செமஸ்டர் தொடங்கிய மாதத்திலேயே துறைத்தலைவரிடம் கேளுங்கள், நிறுவனத்தின் அழைப்புக் கடிதம் கையில் இருக்கட்டும். குவாஹாட்டியிலோ ஷில்லாங்கிலோ மெக்கானிக்கலுக்குப் பொருந்தும் இடம் கிடைத்து, துறையும் ஒப்புக்கொண்டால், மே மாத விடுமுறையோடு சேர்த்து நவம்பர் வரை அங்கேயே இருக்கலாம். சனி, ஞாயிறு மேகாலயா முழுக்க பேருந்து தூரம்தான். ஆனால் மழைக்காலம் முழுக்க அதில் வரும், நிலச்சரிவில் ரோடு அடைபடும். சுற்றுவதற்கு அக்டோபரையும் நவம்பரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு அரியரையும் வருகிற ஏப்ரல், மே தேர்விலேயே முடித்துவிடுங்கள். இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் அனுப்பும்போது துறையில் முதலில் பார்ப்பது அரியர் பட்டியலைத்தான்.