புராக்டம்ப் (புராசஸின் நினைவகத்தை டம்ப் என்ற ஃபைலாக நகலெடுக்கும் கருவி) இரண்டு வாரமாக ஓடுகிறது, ஒரு டம்ப் கூட விழவில்லை. என்ன தப்பு?

பிழைதேடி:
வணக்கம் நண்பர்களே. ஒரு வாடிக்கையாளர் இடத்தில் எங்கள் பில்லிங் சர்வீஸ் ஓடுகிறது. விண்டோஸ் சர்வர் 2016, 8 கோர். சர்வீஸ் டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் எழுதியது, 32 பிட். மூன்று நான்கு நாளைக்கு ஒரு தடவை, பெரும்பாலும் சாயங்காலக் கூட்ட நேரத்தில், பில் போடுவது அப்படியே இழுக்க ஆரம்பிக்கிறது. கவுன்டரில் இருக்கும் பெண் போன் செய்து "அண்ணா, பிரின்ட் கொடுத்து ஒரு நிமிஷம் ஆச்சு, ஆளுங்க நிக்கிறாங்க" என்கிறார். நான் ரிமோட்டில் நுழைவதற்குள் அவர்களே சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள், சரியாகிவிடுகிறது. லாகில் ஒரு எரர் கூட இல்லை. ஒரே ஒரு தடவை நேரத்துக்கு உள்ளே போனேன், டாஸ்க் மேனேஜரில் எங்கள் சர்வீஸ் 25 சதவீதத்தில் அசையாமல் நின்றது. அங்கேயே வலது கிளிக் செய்து டம்ப் எடுத்தேன், ஆனால் டம்பைப் படிக்கும் விண்டிபக்கில் திறந்தால், அதில் டாட்நெட் விவரங்களைக் காட்டும் எஸ்ஓஎஸ் இந்த ஆர்க்கிடெக்சர் சரிவராது என்கிறது.

அதனால் புராக்டம்ப் போட்டேன். மைனஸ் சி 80 (சிபியு 80 சதவீதத்தைத் தாண்டினால்), மைனஸ் எஸ் 10 (அது 10 நொடி நீடித்தால் டம்ப் எடு), சர்வீஸ் பெயர், அவ்வளவுதான். டாஸ்க் ஷெட்யூலரில் சிஸ்டம் அக்கவுன்ட்டில், சர்வர் எழும்போது ஓடும்படி வைத்தேன். அதற்குப் பிறகு நாலு தடவை பிரச்சினை வந்துவிட்டது, டம்ப் எங்கேயும் இல்லை. எங்கே தவறு?

கோர்காரன்:
விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 8 கோர், 25 சதவீதம். மைனஸ் சி என்பது மொத்த மெஷினையும் 100 என்று வைத்துக் கணக்கிடுகிறது. ஒரு த்ரெட் (புராசஸுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை) முடிவில்லாமல் சுற்றினால் அது ஒரு கோரை மட்டும்தான் தின்ன முடியும், அதாவது உங்கள் மெஷினில் 12.5 சதவீதம். 25 என்றால் இரண்டு த்ரெட் மாட்டிக்கொண்டு சுற்றுகிறது என்று சந்தேகப்படலாம், அதுவும் ஏறி இறங்காமல் அசையாமல் நின்றது என்கிறீர்களே, அது வேலை செய்கிற புராசஸின் லட்சணம் இல்லை. 80-ஐத் தொட ஏழு த்ரெட் மாட்ட வேண்டும், அதற்குள் யாராவது ரீஸ்டார்ட் செய்துவிடுவார்கள். நீங்கள் வைத்த வாசல்படி அவ்வளவு உயரம்.

மைனஸ் சி 10 என்று வையுங்கள், அல்லது மைனஸ் யு சேர்த்தால் ஒரு கோரை 100 ஆக வைத்துக் கணக்கிடும், அப்போது மைனஸ் சி 90 போதும். கூடவே மைனஸ் எம்ஏ (முழு டம்ப்) கட்டாயம். அது இல்லாவிட்டால் விழுவது மினி டம்ப், டாட்நெட்டுக்கு அது பத்தாது, ஆப்ஜெக்ட்கள் இருக்கும் ஹீப்பே இருக்காது. மைனஸ் என் 3 போடுங்கள், மூன்று டம்ப் எடுக்கும். ஒரு டம்ப் என்பது ஒரு போட்டோ மாதிரி, அந்த நொடியில் த்ரெட் எங்கே நிற்கிறது என்று காட்டும், அங்கேயே நின்றுகொண்டிருக்கிறதா என்று காட்டாது. மூன்றிலும் ஒரே த்ரெட் ஒரே ஃபங்ஷனில் இருந்தால் ஆள் அகப்பட்டான்.

டாஸ்க் மேனேஜர் கதை வேறு. 64 பிட் விண்டோஸில் வருவது 64 பிட் டாஸ்க் மேனேஜர், 32 பிட் புராசஸையும் 64 பிட் டம்பாகத்தான் எழுதும். அதனால்தான் எஸ்ஓஎஸ் மறுக்கிறது. புராக்டம்ப் 32 பிட் புராசஸுக்குத் தானாகவே 32 பிட் டம்ப் எடுக்கும், மைனஸ் 64 போட்டுக் கெடுக்காமல் இருந்தால் சரி.

இரவுஷிஃப்ட்:
அவர் சொன்னதோடு இன்னொன்றும் பாருங்கள். சிஸ்டம் அக்கவுன்ட்டில் இதற்கு முன் புராக்டம்ப் ஓட்டியிருக்கிறீர்களா? முதல் தடவை ஓடும்போது லைசென்ஸை ஏற்கிறாயா என்று ஒரு விண்டோ கேட்கும். ஷெட்யூலரில் ஓடினால் அந்த விண்டோ யார் கண்ணுக்கும் தெரியாது, பட்டனை அழுத்த ஆள் இல்லாமல் அப்படியே காத்துக் கிடக்கும். நான் இதில் ஒரு வாரம் இழந்திருக்கிறேன். மைனஸ் அக்செப்ட்யூலா சேர்த்துவிடுங்கள்.

டம்ப் போக வேண்டிய ஃபோல்டரையும் முழுப் பாதையோடு கொடுங்கள், இல்லையென்றால் சிஸ்டம்32-க்குள் போய் விழும். அப்புறம், சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் புராக்டம்பும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடும். உங்கள் இடத்தில் அதுதான் அடிக்கடி நடக்கிறது. மைனஸ் டபிள்யூ போட்டால் புராசஸ் எழும்வரை காத்திருக்கும், அதையே ஒரு பேட்ச் ஃபைலில் லூப்பில் விடுங்கள்.

முழு டம்ப் எழுதும்வரை புராசஸ் உறைந்து நிற்கும், டிஸ்க் மெதுவானதென்றால் கவுன்டரில் அது தெரியும். மைனஸ் ஆர் கொடுத்தால் புராசஸை குளோன் செய்து அதிலிருந்து எழுதும், அசல் சீக்கிரம் விடுபடும்.

பூட்டுசாவி:
டெக்னிக்கலாக எல்லாம் சரி, ஆனால் முழு டம்ப் என்பது அந்தப் புராசஸின் நினைவகம் முழுவதும். கனெக்‌ஷன் ஸ்ட்ரிங், டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களின் போன் நம்பர், எல்லாம் படிக்கிற எழுத்தில் உள்ளே இருக்கும். தயவுசெய்து டிரைவ் லிங்க்கில் போட்டு டீமுக்கு அனுப்பாதீர்கள். முடிந்தால் அந்த சர்வரிலேயே திறந்து பாருங்கள், பார்த்ததும் அழித்துவிடுங்கள்.

வாடிக்கையாளரின் ஐடி ஆட்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2021 தொடக்கத்தில் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர்களுக்குள் புகுந்த ஹாஃப்னியம் ஹேக்கர் கும்பல், பாஸ்வேர்ட் விவரங்களுக்காக விண்டோஸில் லாகினைச் சரிபார்க்கும் எல்சாஸ் புராசஸை டம்ப் எடுத்தது இதே புராக்டம்பை வைத்துத்தான், மைக்ரோசாஃப்ட்டே அதை எழுதியது. அதனால் இந்தக் கருவி ஓடினாலே சில ஆன்டிவைரஸ்கள் அலறும். உங்களுக்கு எந்தத் தப்பான எண்ணமும் இல்லை என்பது அந்த அலர்ட்டுக்குத் தெரியாது.

பிழைதேடி:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரவுஷிஃப்ட் சொன்னது அப்படியே நடந்திருந்தது, புராக்டம்ப் இரண்டு வாரமாக லைசென்ஸ் விண்டோவிலேயே நின்றிருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றி வைத்தேன், நேற்று சாயங்காலம் 6.40-க்கு மூன்று டம்ப் விழுந்தன, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 700 எம்பி. எந்த த்ரெட் எவ்வளவு சிபியு தின்றது என்று காட்டும் ரன்அவே கமாண்ட் போட்டதும் 17-வது த்ரெட்டும் 23-வது த்ரெட்டும் மேலே வந்தன, மற்றவையெல்லாம் ஒரு நொடி கூட சிபியு எடுக்கவில்லை. த்ரெட் எந்த ஃபங்ஷனில் நிற்கிறது என்று காட்டும் சிஎல்ஆர்ஸ்டாக் போட்டால் மூன்று டம்பிலும் இரண்டு த்ரெட்டும் ஒரே இடத்தில்: சாவி கொடுத்தால் மதிப்பைத் தேடித் தரும் டிக்‌ஷனரியின் ஃபைண்ட்என்ட்ரி.

வரி விகிதங்களை நினைவகத்தில் தயாராக வைத்துக்கொள்ள (cache) நான்தான் எல்லா த்ரெட்டும் பகிரும் ஒரு ஸ்டாட்டிக் டிக்‌ஷனரி வைத்திருந்தேன், ஒரு த்ரெட் எழுதும்போது மற்றதைத் தடுக்கும் பூட்டு (lock) இல்லாமல். கூட்ட நேரத்தில் இரண்டு பில் ஒரே கணத்தில் அதில் எழுதும்போது உள்ளே இருக்கும் சங்கிலி தன்னையே சுட்டி வளையமாகிவிடுகிறது, அப்புறம் தேட வருகிற த்ரெட் வெளியே வர வழியில்லாமல் சுற்றுகிறது. எக்ஸெப்ஷன் கிடையாது, அதனால்தான் எரர் லாக் சுத்தமாக இருந்தது. மாட்டிய த்ரெட் டேட்டாபேஸ் டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டே சுற்றியிருக்கிறது, மற்ற பில்கள் அந்த டேட்டாபேஸ் பூட்டில் காத்துக் கிடந்திருக்கின்றன. பல த்ரெட் ஒரே சமயம் எழுதினாலும் கெடாத கன்கரன்ட் டிக்‌ஷனரிக்கு மாற்றிவிட்டேன். டம்ப்களை சர்வரிலேயே பார்த்து அழித்தாயிற்று.

கோர்காரன்:
அருமை. டாட்நெட் கோர் (டாட்நெட்டின் புதிய வடிவம்) பக்கம் இந்த வளையத்தைக் கண்டுபிடித்தால் எக்ஸெப்ஷன் எறிந்துவிடும், பழைய ஃப்ரேம்வொர்க்கில் அந்த வசதி இல்லை. பூட்டு இல்லாத ஸ்டாட்டிக் டிக்‌ஷனரி வேறு எங்காவது இருக்கிறதா என்று கோட் முழுக்க ஒரு தேடு தேடிவிடுங்கள்.

பிழைதேடி:
தேடினேன். இன்னும் நாலு இருக்கிறது.