வீட்டுக்குள் போட்ட மிளகாய் நாற்று மண்ணோடு மண்ணாகச் சாய்கிறது, நாகா மிளகாய் முளைக்கவே இல்லை: உதவி வேண்டும்

கேள்வி (அண்ணாநகர், மதுரை)

அனைவருக்கும் வணக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் வசிக்கிறேன். விதையிலிருந்து மிளகாய் வளர்ப்பது எனக்கு இதுவே முதல் முறை. ஆனி மாதத் தொடக்கத்தில் இரண்டு வகை விதைகளைக் குழித்தட்டில் ஊன்றினேன். ஒன்று, பரமக்குடியிலிருந்து உறவினர் கொண்டுவந்த குண்டு மிளகாய் வற்றலைப் பிளந்து எடுத்த விதை. மற்றொன்று, அசாமில் பணிபுரியும் நண்பர் அனுப்பிய பூத் ஜொலோக்கியா, அதாவது நாகா மிளகாய் விதை. கடையில் கட்டியாக விற்கும் தென்னை நார்க்கழிவை ஊறவைத்து, மண்புழு உரத்துடன் சரிபாதியாகக் கலந்து நிரப்பி, மேலே பாலித்தீன் தாள் மூடி, சமையலறையின் மேற்கு ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் ஆழ்துளைக் கிணற்று நீரைத் தெளிக்கிறேன்.

குண்டு மிளகாய் ஒரு வாரத்திலேயே முளைத்துவிட்டது. ஆனால் நாற்றுகள் வெளிறி, நெட்டையாக, ஜன்னல் பக்கமே சாய்ந்து வளர்கின்றன. அவற்றில் சில, மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல்போல் இளைத்து, ஒரே இரவில் விழுந்துவிடுகின்றன. நாகா மிளகாயோ இரண்டு வாரங்களுக்கு மேலாகியும் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. கலவையின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. விதை கெட்டுவிட்டதா? மிஞ்சியிருக்கும் நாற்றுகளைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில் (திருப்பாலை)

தம்பி, முதலில் அந்தப் பாலித்தீன் தாளை எடுத்துவிடுங்கள். தண்டின் அடி நீர்கோத்து இளைத்துச் சாய்வது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்வழிக் கிருமிகளால் வருவது. காற்றோட்டம் இல்லாத இடத்தில், நெருக்கமாக நிற்கும் நாற்றுகளுக்கு, எந்நேரமும் ஈரம் இருந்தால் அது வேகமாகப் பரவும். விழுந்த நாற்று பிழைக்காது. அதைச் சுற்றியுள்ள கலவையோடு சேர்த்து அகற்றிவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து, மற்றக் குழிகளின் வேர்ப்பகுதி நனையும்படி ஊற்றுங்கள். அதன் பிறகு மேற்பரப்பு காய்ந்து நிறம் மாறியதைப் பார்த்தே நீர் விடுங்கள். மேலிருந்து தெளிக்காமல், தட்டை ஓர் அகலமான பாத்திர நீரில் சிறிது நேரம் வைத்து, அடியிலிருந்து உறிஞ்ச விட்டு எடுத்துவிடுவது நல்லது.

வீட்டுக்குள் மிளகாய் நாற்று விடுவது பற்றி நாம் படிக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே கடைசிப் பனி விலகும்வரை எட்டு, பத்து வாரங்கள் நாற்றை வீட்டுக்குள் வைத்துக் காக்க வேண்டும். தட்டுக்கு அடியில் வெப்பப் பாய், மேலே மூடி எல்லாம் அந்தக் குளிருக்காக ஏற்பட்டவை. மிளகாய் விதை முளைக்க 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் உகந்தது. மதுரையில் ஆனி மாதத்தில் வீட்டுக்குள் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை, மிகாமல் பார்த்துக்கொள்வதே வேலை. பிற்பகல் வெயில் நேரே விழும் மேற்கு ஜன்னலில் தாள் மூடிய தட்டு வைத்தால் உள்ளே வெப்பம் வெளியில் இருப்பதைவிட வெகுவாக ஏறிவிடும். குண்டு மிளகாய் அதைத் தாங்கி முளைத்தது. நாகா மிளகாய் தாங்காது என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் விதை செத்துவிட்டதென்று இப்போதே முடிவுசெய்யாதீர்கள். குண்டு மிளகாய் கேப்சிகம் ஆனுவம் இனத்தைச் சேர்ந்தது. ஒன்று, இரண்டு வாரங்களில் முளைக்கும். நாகா மிளகாய் பெரும்பாலும் கேப்சிகம் சைனென்ஸ் இனம். மூன்று, நான்கு வாரங்கள் ஆவது இயல்பு, சில விதைகள் அதையும் தாண்டும். ஒரு விதையை எடுத்து விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் காத்திருக்கலாம். கூழாகப் பிதுங்கினால் அழுகிவிட்டது. இந்த விதையைத் தொடும்போது கையுறை அணியுங்கள். 2007ஆம் ஆண்டு உலகின் மிகக் காரமான மிளகாயாகக் கின்னஸ் பதிவுபெற்றது இதுவே. 10 லட்சம் ஸ்கோவில் அலகுகளைத் தாண்டிய காரம், விதையில் ஒட்டியிருப்பதே கண்ணில் பட்டால் தாங்க முடியாது.

மீதி விதை இருந்தால் இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியை அரிசிக் கஞ்சியில் சிறிது கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். தட்டைத் தண்ணீர்ப் பானைக்கு அருகில், வெயில் படாத மூலையில் வையுங்கள். முளைக்கும்வரை வெளிச்சம் தேவையில்லை. முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு நீண்டுவிடும்.

பதில் (மேலூர், நாற்றங்கால் வைத்திருப்பவர்)

திருப்பாலை அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மேலே படிந்திருக்கும் வெள்ளை பெரும்பாலும் உப்பு. தென்னை நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு உண்டு. ஊறவைத்தால் மட்டும் போகாது, மூன்று நான்கு முறை நல்ல நீரில் அலசிப் பிழிய வேண்டும். உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடுநீராக இருந்தால் தெளிக்கத் தெளிக்க உப்பு மேலே ஏறிக்கொண்டே போகும், மிளகாய் நாற்றோ உப்பைத் தாங்காத பயிர். மாநகராட்சிக் குழாய் நீரையோ பிடித்துவைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். வெள்ளை, பஞ்சுபோல் இழை இழையாக இருந்தால் மட்டும் அது பூஞ்சை.

குண்டு மிளகாயை வீட்டுக்குள் வைத்திருப்பதே எனக்கு உடன்பாடில்லை. அது ராமநாதபுரத்துக் கரிசலில் மானாவாரியாக விளைகிற பயிர். 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. மொட்டை மாடியில் 50 சதவீத நிழல் வலைக்குக் கீழே வளர்ந்த நாற்றின் தண்டுத் திடம் ஜன்னலோரத்து நாற்றுக்கு ஒருநாளும் வராது.

கேள்வியாளர்

இருவருக்கும் மிக்க நன்றி. வெள்ளைப் படிவு சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. ஆகவே உப்பு என்றே தெரிகிறது. நாகா விதைகள் கெட்டியாக இருக்கின்றன. தட்டை உள் அறைக்கு மாற்றிவிட்டேன். ஐயா, எங்கள் மொட்டை மாடியில் அணில் தொல்லை அதிகம்; ஆடிக் காற்றும் தொடங்கப்போகிறது. நெட்டையான இந்த நாற்றுகளை அப்படியே மாடிக்குக் கொண்டுபோகலாமா? இன்னொரு சந்தேகம்: இரண்டு வகைச் செடிகளையும் அருகருகே வைத்தால், குழந்தைகளும் சாப்பிடும் சாம்பாரில் போடுகிற குண்டு மிளகாய்க்கும் நாகாவின் காரம் ஏறிவிடுமா?

பதில் (மேலூர்)

அப்படியே கொண்டுபோனால் ஒரே நாளில் வெந்துவிடும். முதலில் நல்ல நாற்றுகளை ஆளுக்கொரு சிறு தொட்டியாக, வித்திலை (முளைத்ததும் முதலில் விரியும் இரட்டை இலை) மண்ணைத் தொடும் அளவுக்குச் சற்று ஆழமாக நடுங்கள். தக்காளியைப்போல் தண்டெல்லாம் வேர்விடும் செடி அல்ல இது, அதனால் வித்திலைக்கு மேல் புதைக்க வேண்டாம். பிறகு காலை வெயில் ஒரு மணி நேரத்தில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டி, ஒரு வாரத்தில் வலைக்குக் கீழே பழக்குங்கள். அணிலுக்கும் காற்றுக்கும் அந்த வலையைப் பக்கவாட்டிலும் தொங்கவிட்டுக் கட்டினாலே போதும்.

பதில் (திருப்பாலை)

ஐயாவுடன் குண்டு மிளகாயில் நான் ஒத்துப்போகிறேன். நாகா நாற்று மட்டும் வித்திலைக்குப் பிறகு வரும் உண்மை இலைகள் நான்கு விடும்வரை வீட்டுக்குள் இருக்கட்டும். அதற்குச் சிறப்பு விளக்கு வாங்கத் தேவையில்லை. சாதாரண வெள்ளை எல்இடி குழல்விளக்கை நாற்றின் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கவிட்டு, நாளுக்கு 14 மணி நேரம் எரியவிடுங்கள். கூரையில் எரியும் விளக்கால் பயன் இல்லை. இப்போது நட்டால் வெயில் தணிந்த பிறகு புரட்டாசி, ஐப்பசியில் குண்டு மிளகாய் பூக்கும். கோடையில் கொட்டுவதுபோல் பூ கொட்டாது. நாகா இன்னும் பிந்தும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சாறு உறிஞ்சும் நுண்சிலந்தி என்று பார்த்து, தொடக்கத்திலேயே வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.

காரம் ஏறாது தம்பி, அச்சம் வேண்டாம். காரத்தைச் சுரப்பது காய்க்குள் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதை. அது தாய்ச்செடியின் உடம்பு. தேனீ கொண்டுவரும் மகரந்தம் விதைக்குள் மட்டுமே போகிறது. ஆகவே இந்த ஆண்டுக் காய் குண்டு மிளகாயாகவேதான் இருக்கும். அந்தக் காயின் விதையை அடுத்த ஆண்டு விதைத்தால் கலப்பு முளைக்க வாய்ப்பு உண்டு; இவ்விரண்டு இனங்களும் ஒன்றோடொன்று கருக்கூடக் கூடியவை. விதைக்கென ஒரு கிளையைத் தேர்ந்து, மொட்டு விரியும் முன்னரே மெல்லிய நைலான் வலைப்பை கட்டி, அவ்வப்போது கிளையைத் தட்டிவிடுங்கள். மிளகாய் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பிடிக்கும். காய் பிடித்ததும் பையைக் கழற்றிவிட்டு, காம்பில் ஒரு நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.