எட்டரை அங்குலம் குறைத்த ஹெரால்டு

போன மாதம் ஒரு ஞாயிறு, காலை ஆறரை மணி. பெசன்ட் நகர் கடற்கரையில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பதினைந்து இருபது பேர் கூடுவோம். பெரிய விழா எல்லாம் இல்லை. ஃபியட், அம்பாசடர், ஒன்றிரண்டு பீட்டில், மழை இல்லாவிட்டால் ஒரு மோரிஸ் மைனர். டீ குடித்து, பேசிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிடுவோம்.

அன்றைக்கு வரிசையின் கடைசியில், மரத்தடியில், கரும்பச்சை நிறத்தில் ஒரு திறந்த வண்டி நின்றது. இரண்டே பேர் உட்காரலாம். கதவுக்கு வெளியே கைப்பிடி இல்லை, எந்தக் கம்பெனியின் சின்னமும் இல்லை. நம்பர் பிளேட்டில் எம்.எஸ்.ஒய். என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் எண். சுற்றி நின்றவர்கள் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி. என்றார்கள். ஒருவர் அதே ரகத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று அடித்துச் சொன்னார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

அப்புறம் உரிமையாளர் பானெட்டைத் திறந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். இரண்டு பக்கமும் கொக்கியை விடுவித்து, மட்கார்டு, விளக்கு எல்லாவற்றையும் சேர்த்து வண்டியின் மூக்கையே முன்பக்கமாகக் கவிழ்த்தார். உள்ளே 948 சிசி எஞ்சின். ஸ்பிட்ஃபயருக்கு அவ்வளவு சிறிய எஞ்சின் வந்ததே இல்லை. 1962இல் முதலில் வந்ததே 1147 சிசிதான்.

"ஹெரால்டா சார் இது?" என்றேன்.

"பாதி ஹெரால்டு. மீதி எங்கப்பா" என்றார்.

ஹெரால்டு என்பது பிரிட்டனின் ட்ரையம்ஃப் கம்பெனி வடிவமைத்து, இங்கே ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் கட்டி விற்ற சிறிய கார். அவருடைய அப்பா லேத் பட்டறை வைத்திருந்தவர். கூரை நசுங்கிய ஒரு ஹெரால்டை 1969இல் அடிமாட்டு விலைக்கு வாங்கி, இரண்டு வருடம் உழைத்து இதைக் கட்டியிருக்கிறார். அன்றைக்கு இந்தியாவில் கார் வாங்க வேண்டுமென்றால் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு மூன்றில் ஒன்றுதான். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரை இறக்குமதி செய்வது சாதாரண ஆளுக்கு நடக்கிற காரியம் இல்லை. ஆசைப்பட்டவன் தானே கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டுவதற்கு ஹெரால்டைப் போல வசதியான வண்டியும் கிடையாது. 1959இல் பிரிட்டனில் அது வந்த சமயம், மற்ற கார்கள் தனிச் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, விட்டுவிட்டு ஒரே கூடாக மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் பழைய வழியிலேயே வந்தது. அதுவரை பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனியைப் போட்டி கார் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டதுதான் காரணம். முழு பாடியை ஓரிடத்தில் அடித்து வாங்க வழியில்லை. அதனால் துண்டு துண்டாகச் செய்து சேஸிஸின் மேல் போல்ட் போட்டுப் பூட்டும்படி அமைத்தார்கள்; இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த வடிவம். கூரையைக்கூட போல்ட்டைக் கழற்றித் தூக்கிவிடலாம். ஸ்பானர் செட்டும் பொறுமையும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே வெறும் சேஸிஸைப் பார்த்துவிடலாம்.

நான் வியந்துபோனது இங்கேதான். ஹெரால்டின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 91.5 அங்குலம். அதே சேஸிஸிலிருந்து பிறந்த ஸ்பிட்ஃபயருக்கு 83. ஏதோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் இந்த அளவுகளை மட்டும் பார்த்திருக்கிறார் அப்பா. நேரில் ஒரு ஸ்பிட்ஃபயரைத் தொட்டதில்லை. எட்டரை அங்குலத்தை வெட்டி எடுத்துவிட்டு சேஸிஸை மறுபடியும் வெல்டு செய்துவிட்டார்!

பெரியவர் என் கையைப் பிடித்து வண்டிக்கு அடியில் கொண்டுபோனார். "இங்க தொட்டுப் பாரு தம்பி." இரும்புச் சட்டத்தில் ஒரு தழும்பு மாதிரி வெல்டிங் தடம். நேராக வெட்டி ஒட்டவில்லை. சாய்வாக வெட்டி, உள்ளே ஒரு தகடு வைத்து, அதற்கு மேல் வெல்டிங்கை ஓட்டியிருக்கிறார். நேர் வெட்டாக இருந்தால் வளையும்போது விசை முழுவதும் அந்த ஒரே கோட்டில் விழும். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் ஒரு விரிசல் இல்லை.

பாடி முழுக்க அலுமினியத் தகடு. மரத்தில் அச்சு செய்து, மணல் மூட்டையின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்தது. முன்னால் உட்கார்ந்து நேராகப் பார்த்தால் இடது மட்கார்டு வலதைவிட ஒரு விரற்கடை உயரம். ஓட்டுநர் பக்கத்தை முதலில் அடித்தாராம். இடது பக்கத்துக்கு வரும்போது கை பழகி வளைவு இன்னும் அழகாக விழுந்திருக்கிறது. பழையதைத் திரும்ப அடிக்க அலுமினியத்துக்குக் காசு இல்லை. பின் விளக்குகள் புதுப்பேட்டையில் வாங்கிய ஸ்கூட்டர் விளக்குகள்.

பின்பக்கம் குறுக்கே ஒரே கமான், பல பட்டைகளை அடுக்கியது. ஹெரால்டின் எடைக்குச் செய்த கமான் இந்த லேசான பாடிக்கு அதிகம். பின்பக்கம் தூக்கிக்கொண்டு, சக்கரங்களின் அடி உள்ளே மடங்கி நின்றிருக்கிறது. ஹெரால்டில் பின் அச்சின் ஒவ்வொரு பாதியும் சக்கரத்தோடு தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் (ஸ்விங் ஆக்ஸில்); அந்த அமைப்பில் அப்படி நிற்கும் வண்டியை வளைவில் வேகமாகத் திருப்பினால் ஆபத்து. ஒரு பட்டையை உருவி எடுத்து உயரத்தைச் சரிசெய்திருக்கிறார். பட்டறைக்காரரின் கைப்படிப்பு இது.

கட்டி முடித்ததும் சோழவரம் ரேஸ் பார்க்க இதில்தான் போயிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம். உள்ளூர்ப் பட்டறைகளில் கட்டிய ஸ்பெஷல் வண்டிகள் அங்கே ஓடும். பெரியவருக்கு அப்போது பதினெட்டு வயது. வண்டி நிறுத்தும் இடத்தில் இதைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் மாறியது.

எனக்கு வருத்தம் தந்தது ஒன்று உண்டு. எங்கள் கூட்டத்திலேயே ஒரு நண்பர், நல்லெண்ணத்தில்தான், இங்கிலாந்திலிருந்து ஸ்பிட்ஃபயர் பேனல்களை வரவழைத்து 'ஒரிஜினலாக' மாற்றிவிடலாம் என்றார். எந்த ஒரிஜினல்? இந்த வண்டிக்கு ஒரிஜினல் இதுதான். அந்த ஒரு விரற்கடை வித்தியாசம் போய்விட்டால் மெட்ராஸில் பிறந்த ஒரு கார் போய், இங்கிலாந்துக் காரின் நகல் ஒன்று மிஞ்சும். சட்டத்திலும் இதற்கு வசதியான இடம் இல்லை. 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதி, ஐம்பது வயதைத் தாண்டி, சேஸிஸும் பாடியும் பெரிதாக மாறாமல் இருக்கும் வண்டிகளுக்குத்தான். ஆர்.சி. புத்தகத்தில் இன்றும் இது வெறும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

ஏழரை மணிக்குக் கிளம்பினார். இருபக்கமும் வண்டிகள் நின்ற தெருவில், பின்னால் எடுக்காமல் ஒரே வீச்சில் திருப்பிவிட்டார். சாதாரண ஹெரால்டே 25 அடி வட்டத்துக்குள் திரும்பும். இது அதைவிடக் குட்டை.

உங்களில் யாராவது இப்படிப்பட்ட வண்டியைப் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

•

பெருங்களத்தூரிலிருந்து:

என் அப்பா ஹெரால்டைக் கட்டிய ஸ்டாண்டர்டு மோட்டார்ஸில் ஃபிட்டராக இருந்தவர். உங்கள் பதிவை அவருக்குப் படித்துக் காட்டினேன். சேஸிஸை வெட்டின இடத்தைப் பற்றிய பத்தியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். 'உள்ளே தகடு வெச்சானா? அப்போ வேலை தெரிஞ்சவன்தான்' என்றார்.

ஆலை இருந்த இடத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்கள். எண்பதுகளின் கடைசியில் உற்பத்தி நின்றுபோனது. அப்பா அந்த வழியாகப் போகும்போது இன்றும் 'இங்க பெயிண்ட் ஷாப், இங்க அசெம்ப்ளி' என்று கை காட்டுவார். அந்தப் பெரியவர் சம்மதித்தால் அப்பாவை ஒரு தடவை அழைத்து வந்து வண்டியைக் காட்ட ஆசை. அப்பாவுக்கு 81 வயது.

•

கோயம்புத்தூரிலிருந்து:

இங்கே கரிவரதன் பெயரைச் சொன்னால் இன்றும் எழுந்து நிற்கிற மெக்கானிக்குகள் உண்டு. மாருதி 800 எஞ்சினைப் போட்டு ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கை ரேஸ் கார் வடிவமைத்தவர். 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான்.

நான் சொல்ல வந்தது வேறு. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில், பள்ளிக்கூடம் படிக்கும்போது, ஃபியட் எஞ்சின் போட்ட ஒரு ஸ்பெஷல் நின்றது. கூரை இல்லாமல், மூக்கு நீண்டு, சிவப்பாக. தினமும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். கல்லூரி முடித்துத் திரும்பியபோது ஷெட்டும் இல்லை, வண்டியும் இல்லை. எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஒரு புகைப்படம் கிடையாது. எவ்வளவு நீளம், யார் கட்டியது, எதுவும் யாருக்கும் தெரியவில்லை. தயவுசெய்து அந்த ஹெரால்டை அளந்து எழுதி வையுங்கள். அடுத்த வாரமே போங்கள்.

•

முதலில் எழுதியவன் மறுபடி:

சிங்காநல்லூர் நண்பரின் பதிவைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. நேற்று டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். பெருங்களத்தூர் அப்பாவையும் கூட்டிப் போனோம். இரண்டு பெரியவர்களும் ஒரு மணி நேரம் பேசினார்கள். நாங்கள் இருவரும் தரையில் படுத்து அளவெடுத்தோம். மட்கார்டுகளைத் தொடப்போவதில்லை என்று பெரியவர் சொல்லிவிட்டார். அவருடைய அப்பாவின் பத்திரிகைக் கத்தரிப்பு இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. 83 என்ற எண்ணைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம்.

முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை: வலது பக்கம் 83 அங்குலம். இடது பக்கம் 83க்குக் கால் அங்குலம் குறைவு. இரண்டையும் அப்படியே எழுதிக்கொண்டேன்.